அழுத்தம், பதற்றம், அச்சம்: சாதியச் சூழலில் மனநலத்தைப் புரிந்துகொள்ள ஒரு கையேடு

"ஒரே டென்ஷனா இருக்கு" என்பது மதுரையில் நாம் நாள்தோறும் கேட்கும் வாக்கியம். மறுநாள் தேர்வெழுதப் போகும் மாணவர் அதைச் சொல்கிறார். மூன்று மாதமாகச் சம்பளம் வராத ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரும், வன்கொடுமை வழக்கில் சாட்சிக் கூண்டு ஏற வேண்டிய பெண்ணும், காரணம் ஏதும் புலப்படாமல் இரவெல்லாம் விழித்துக் கிடப்பவரும் அதையே சொல்கிறார்கள். சொல் ஒன்றாக இருப்பதால் இவர்கள் நால்வரின் நிலையும் ஒன்று என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆறுதலும் ஒன்றாகவே கிடைக்கிறது: "மனசைப் போட்டுக் குழப்பிக்காதே, எல்லாம் சரியாகிவிடும்."

இவர்களுடைய நிலைகள் வெவ்வேறானவை. ஒருவருக்கு இருப்பது அழுத்தம், மற்றொருவருக்கு இருப்பது பதற்றம், இன்னொருவருக்கு இருப்பது முற்றிலும் நியாயமான அச்சம். அழுத்தத்துக்கு அதன் காரணம் நீக்கப்பட வேண்டும். பதற்றம் கோளாறாக முற்றினால் மருத்துவம் வேண்டும். நியாயமான அச்சத்துக்குப் பாதுகாப்பு வேண்டும். ஒன்றுக்கு உரியதை மற்றொன்றுக்குக் கொடுத்தால் பாதிக்கப்பட்டவர் மேலும் பாதிக்கப்படுவார். களத்தில் நிற்கும் தோழர்களும் கல்லூரி மாணவர்களும் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டியதன் தேவை இதுவே.

அழுத்தம் என்பது என்ன?

தாங்கும் ஆற்றலை மீறிய சுமை ஒருவர்மீது விழும்போது உடலும் மனமும் காட்டும் எதிர்வினையே அழுத்தம். 1936இல் ஹான்ஸ் செல்யே என்னும் உடலியல் அறிஞர், வெவ்வேறு வகையான தீங்குகளுக்கும் உடல் ஏறத்தாழ ஒரே விதமாக எதிர்வினை புரிகிறது என்று எழுதினார். அழுத்தம் பற்றிய நவீன ஆய்வுகளுக்கு அதுவே தொடக்கம். ஆபத்தின் முன்னால் உடல் போரிடவோ தப்பி ஓடவோ ஆயத்தமாகிறது என்பதை அவருக்கு முன்பே வால்டர் கேனன் விளக்கியிருந்தார். அட்ரினலின் சுரக்கிறது, இதயத் துடிப்பு கூடுகிறது, தசைகள் இறுகுகின்றன. கார்டிசால் என்னும் சுரப்பு உடலின் சேமிப்பிலுள்ள ஆற்றலை வெளிக்கொணர்கிறது.

அழுத்தத்துக்குப் பெரும்பாலும் ஒரு முகவரி உண்டு. கந்துவட்டிக் கடன், வராத கல்வி உதவித்தொகை, விடுதியில் இடம் கிடைக்காமை, மேலாளரின் வசவு என்று விரலால் சுட்டிக்காட்ட முடியும். காரணம் விலகினால் உடல் மெல்லத் தணியும். தேர்வு முடிந்த மாலையில் மாணவருக்குப் பசி எடுப்பதும், நிலுவைச் சம்பளம் வந்த இரவில் தொழிலாளி உறங்குவதும் அதனால்தான். அழுத்தம் ஒரு நோயன்று. அளவோடு இருந்தால் அது நம்மைச் செயல்படவும் வைக்கிறது.

இங்கே ஒரு சொற்குழப்பத்தையும் நீக்கிக்கொள்வோம். நாளிதழ்களில் 'மன அழுத்தம்' என்ற சொல் மனச்சோர்வையும் சேர்த்துக் குறிக்கப் பயன்படுகிறது. மனச்சோர்வு தனியொரு நோய். வாரக்கணக்கில் நீடிக்கும் துயரம், எதிலும் நாட்டமின்மை, தன்னைத்தானே பயனற்றவராகக் கருதுதல் ஆகியன அதன் குறிகள். நீடித்த அழுத்தம் மனச்சோர்வில் கொண்டுபோய் விடலாம் என்றாலும் இரண்டும் ஒன்றல்ல.

பதற்றம் என்பது என்ன?

அழுத்தம் வந்துவிட்ட சுமையைப் பற்றியது. பதற்றம் வரக்கூடும் என்று மனம் எதிர்பார்க்கும் தீங்கைப் பற்றியது. "என்ன ஆகுமோ?" என்ற கேள்வியே அதன் வடிவம். பதற்றமும் இயல்பான உணர்வுதான். வண்டிகள் விரையும் சாலையைக் கடக்கும்போது நம்மைக் காப்பதும் அதுதான். சிக்கல், அந்தக் கேள்வி ஓயாதபோது தொடங்குகிறது. காரணம் விலகிய பின்னும், அல்லது காரணமே இல்லாதபோதும், உடல் எச்சரிக்கை நிலையிலேயே நின்றுவிடுகிறது.

பொதுவான பதற்றக் கோளாறு என்று மருத்துவர்கள் குறிப்பிடும் நிலைக்கு அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு தெளிவான அளவுகோல் தருகிறது. பல விஷயங்களைப் பற்றிய அடக்க முடியாத கவலை, குறைந்தது 6 மாதம், பெரும்பாலான நாள்களில் இருக்க வேண்டும். அமைதியின்மை, எளிதில் களைத்துப்போதல், கவனம் சிதறல், எரிச்சல், தசை இறுக்கம், உறக்கக் கேடு ஆகிய ஆறில் மூன்றாவது உடன் இருக்க வேண்டும். அன்றாட வாழ்வும் வேலையும் அதனால் குலைந்திருக்க வேண்டும்.

பதற்றத்தின் வேறு வடிவங்களும் உண்டு. திடீர்ப் பீதி அவற்றுள் ஒன்று. நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், கைகால் நடுங்கும், இதோ உயிர் போகிறது என்று தோன்றும். சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு அடங்கும். மாரடைப்பு என்று எண்ணி இரவோடு இரவாக மருத்துவமனைக்கு ஓடி, "ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பப்படுவோர் பலர். இதயத்தில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். அவர் பட்ட துன்பம் உண்மை. வன்முறையை அனுபவித்தவருக்கும் நேரில் கண்டவருக்கும், அந்நிகழ்வு கனவிலும் நினைவிலும் மீண்டும் மீண்டும் வந்து, ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால் அது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாறாக இருக்கலாம். வன்கொடுமை நிகழ்ந்த ஊர்களில் பணிபுரிவோர் இதைத் தனியே நினைவில் வைக்க வேண்டும்.

வேறுபடுத்தி அறிய நான்கு கேள்விகள்

ஒன்று: இதற்கு முகவரி உண்டா? எது வாட்டுகிறது என்று சுட்டிச் சொல்ல முடிந்தால் அழுத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். கவலை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்தால் பதற்றத்தின் பக்கம் பார்க்க வேண்டும்.

இரண்டு: காரணம் விலகிய பின் தணிந்ததா? தணிந்தால் அழுத்தம். தணியாமல் வேறொன்றைப் பற்றிக்கொண்டால் பதற்றம்.

மூன்று: எவ்வளவு காலமாக இருக்கிறது, எதையெல்லாம் பறித்திருக்கிறது? வகுப்புக்குச் செல்வது, பேருந்தில் ஏறுவது, கூட்டத்தில் பேசுவது ஆகியவற்றை ஒருவர் தவிர்க்கத் தொடங்கினால் மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

நான்கு: அஞ்சப்படும் ஆபத்து உண்மையில் இருக்கிறதா? பாடநூல்கள் இந்தக் கேள்வியை விரைவாகக் கடந்து செல்கின்றன. சாதியச் சமூகத்தில் வாழும் நாம் அப்படிக் கடந்துவிட முடியாது.

மேலவளவு சொல்லும் பாடம்

மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டல்களுக்கும் வன்முறைக்கும் இடையே, அவ்வாண்டின் இறுதியில் முருகேசன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1997 ஜூன் 30 அன்று மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சென்று ஊர் திரும்பிய அவரும் உடன் வந்தவர்களும் பேருந்தை வழிமறித்து வெட்டிக் கொல்லப்பட்டனர்.

அந்த ஊரில், அந்த மாதங்களில், ஒரு தலித் குடும்பம் இரவில் உறங்காமல் கிடந்தது என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன அறிகுறிகளில் பல அக்குடும்பத்துக்கு இருந்திருக்கும். அதைக் கோளாறு என்று சொல்ல முடியுமா? அவர்களுடைய மனம் நிலைமையைச் சரியாகவே கணித்திருந்தது. அத்தகைய அச்சத்துக்கு உறக்க மாத்திரை மருந்தாகாது. மிரட்டியவர்கள்மீது நடவடிக்கையும் காவல்துறைப் பாதுகாப்புமே மருந்து. இவ்வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேர் 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலை செய்யப்பட்டபோது எதிர்ப்பு எழுந்ததும், தண்டனை என்பது பாதிக்கப்பட்டவர்களின் பாதுகாப்பு உணர்வோடும் தொடர்புடையது என்பதால்தான்.

அச்சம் உண்மை நிலவரத்திலிருந்து பிறந்தது என்றால் முதலில் மாற்ற வேண்டியது நிலவரத்தை. இதை மறந்துவிட்டு "உனக்குப் பதற்றக் கோளாறு" என்று முத்திரை குத்துவது, குற்றத்தைக் குற்றவாளியிடமிருந்து எடுத்துப் பாதிக்கப்பட்டவரின் தலைக்குள் வைப்பதாகும்.

முடிவுறாத அழுத்தம்

அழுத்தம் காரணம் விலகினால் தணியும் என்றோம். காரணம் விலகவே இல்லை என்றால்?

மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளும் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தலும் 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. வேட்புமனு தாக்கல் செய்ய விடாமலும், வென்றவர் உடனே பதவி விலகும்படியும் செய்து, பத்தாண்டுகள் அந்த உரிமை முடக்கப்பட்டது. 2006 அக்டோபரில்தான் அங்கு முறையான தேர்தல் நிறைவேறியது. பேரையூர் வட்டத்து உத்தப்புரத்தில், 1989ஆம் ஆண்டு மோதலைத் தொடர்ந்து எழுந்த சுவர் தலித் குடியிருப்பை ஊரிலிருந்து பிரித்து நின்றது. நீண்ட போராட்டத்துக்குப் பின் 2008 மே 6 அன்று அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டுப் பாதை திறக்கப்பட்டது. சுவர் எழுந்த ஆண்டில் பிறந்த குழந்தை, அது திறக்கப்பட்டபோது வாக்களிக்கும் வயதை எட்டியிருந்தது. அக்குழந்தைக்குச் சாதிய அழுத்தம் வந்துபோகும் நிகழ்வாக இருக்கவில்லை. அது வளர்ந்த சூழலே அதுவாக இருந்தது.

இப்படி ஓயாமல் தொடரும் அழுத்தம் உடலில் என்ன செய்கிறது? புரூஸ் மெக்கீவன் 1993இல் இதற்கு ஒரு கருத்தாக்கம் தந்தார். எச்சரிக்கை நிலையிலிருந்து உடல் இறங்கவே வாய்ப்பில்லாதபோது தேய்மானம் சேர்ந்துகொண்டே போகிறது. இரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய், நினைவுத்திறன் குறைவு ஆகியவற்றுக்கு அது வழி வகுக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் ஆர்லீன் ஜெரோனிமஸ், இனவெறிச் சூழலில் வாழும் கறுப்பினப் பெண்களின் உடல்நலம் இளவயதிலேயே சரியத் தொடங்குவதை எடுத்துக்காட்டி, வெயிலிலும் மழையிலும் பாறை தேய்வதோடு அதனை ஒப்பிட்டார்.

இந்தியாவைப் பற்றியும் சான்று உண்டு. ஆஷிஷ் குப்தா, டயான் காஃபி இருவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு, தலித்துகளின் மனநலம் ஆதிக்கச் சாதி இந்துக்களின் மனநலத்தைவிடப் பின்தங்கியிருப்பதைக் காட்டியது. கல்வியிலும் சொத்திலும் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த இடைவெளி முழுமையாக மறையவில்லை. வறுமை போனால் எல்லாம் போய்விடும் என்ற வாதத்துக்கு இது பதில். சாதி தன் பங்குக்குத் தனியே ஒரு சுமையை ஏற்றுகிறது.

மறைத்து வாழ்வதன் விலை

அழுத்தம் பதற்றமாக மாறும் முக்கியமான வழி ஒன்று உண்டு. அது அடையாளத்தை மறைத்து வாழ நேர்வது.

வெளிநாட்டில் உயர்கல்வி கற்றுத் திரும்பி, பரோடா அரசுப் பணியில் சேரச் சென்ற அண்ணல் அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில், பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். பதினோராம் நாள் காலையில் கம்புகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. இதை அவரே தம் நினைவுக் குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். வெளியேற்றம் ஒரே நாளின் அழுத்தம். அதற்கு முந்தைய பத்து நாளும் "எப்போது தெரிந்துவிடுமோ" என்று கழிந்திருந்தால், அது பதற்றத்தின் அரிச்சுவடி.

மதுரை நகரில் வாடகைக்கு வீடு தேடும் குடும்பத்திடம் "நீங்க எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று கேட்கப்படும்போது, கேட்பவர் ஊரையோ தெருவையோ மட்டும் விசாரிக்கவில்லை என்பது இரு தரப்புக்கும் தெரியும். சுற்று வட்டாரச் சிற்றூரிலிருந்து கல்லூரிக்கு வந்த மாணவர் விடுதி அறையிலும் கைபேசி அழைப்பிலும் தன் பேச்சைத் தானே கண்காணித்துக்கொண்டே இருந்தால், பாடத்துக்கு ஒதுக்க வேண்டிய கவனம் அந்தக் காவலில் செலவாகிறது.

இது வெறும் ஊகமன்று. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமச் சிறுவர்களைப் புதிர்ப்பாதைகளைத் தீர்க்கச் சொல்லிச் சோதித்தனர். சாதி அறிவிக்கப்படாதபோது தலித் சிறுவர்களும் மற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தீர்த்தனர். எல்லார் முன்னிலையிலும் சாதியைச் சொல்லி அழைத்தபோது தலித் சிறுவர்களின் திறன் சரிந்தது. சிறுவர்கள் அதே சிறுவர்கள். மாறியது சூழல் மட்டுமே. 'கோட்டா' என்று வகுப்பறையில் உதிர்க்கப்படும் ஒரு சொல் மதிப்பெண்ணில் எப்படி இறங்குகிறது என்பதை இது விளக்குகிறது.

எய்ம்ஸ் நிறுவனத்தில் நிலவிய பாகுபாட்டை ஆராய்ந்த தோரட் குழு 2007இலேயே தன் அறிக்கையை அளித்தது. 2016 ஜனவரி 17 அன்று, விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்த ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா உயிரிழந்தார். மாணவர் இயக்கங்கள் அதை 'நிறுவனப் படுகொலை' என்று அழைத்தன. தனிமனிதரின் மனப் பலவீனம் என்று கோப்பை மூடிவிடக் கூடாது என்பதே அந்தச் சொல்லின் பொருள்.

நாம் விலக்க வேண்டிய இரு பிழைகள்

முதற்பிழை, எல்லாவற்றையும் மனத்துக்குள் தள்ளிவிடுவது. பாகுபாடு குறித்துப் புகார் தரும் மாணவரை ஆலோசகரிடம் அனுப்பிவிட்டுப் புகாரைக் கிடப்பில் போடும் நிறுவனம் இந்தப் பிழையைத் தெரிந்தே செய்கிறது. ஆலோசனை வேண்டியதுதான், விசாரணைக்கு அது மாற்றாகாது.

இரண்டாவது பிழை நம் இயக்கங்களுக்குள்ளேயே இருக்கிறது. "சமூகம் மாறினால் இது தானாகப் போய்விடும், மருத்துவர் எதற்கு?" என்று கேட்பது அது. காரணம் சமூகத்தில் இருக்கிறது என்பதாலேயே நோய் உடலில் இல்லை என்று ஆகிவிடாது. ஆலைப் புகையால் நுரையீரல் கெட்டவருக்கு ஆலையை எதிர்த்துப் போராட்டமும் வேண்டும், நுரையீரலுக்கு மருந்தும் வேண்டும். தொடர்ந்து வன்கொடுமைக் களங்களுக்குச் செல்லும் செயற்பாட்டாளர்கள் தம் உறக்கமின்மையையும் நெஞ்சுப் படபடப்பையும் அர்ப்பணிப்பின் அடையாளமாகக் கருதி மறைத்துவிடுவதும் இதே பிழைதான். நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநலக் கோளாறுகளின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு வரையிலானோர் சிகிச்சை பெறாமல் இருப்பதைக் கண்டது. கணக்கெடுக்கப்பட்ட 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

எதற்கு எது?

*காரணத்தை நீக்க:* உதவித்தொகை, ஊதியம், விடுதி, கடன் ஆகியவற்றால் வரும் அழுத்தத்தைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. மனு, சங்கம், சட்ட உதவி ஆகியவையும் மனநல நடவடிக்கைகளே. உயர்கல்வி நிறுவனங்களில் சமவாய்ப்புப் பிரிவும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் விதிமுறை வகுத்தது. உங்கள் கல்லூரியில் அந்தப் பொறுப்பில் இருப்பவர் யார் என்று எழுத்துமூலம் கேளுங்கள்.

*பாதுகாப்பைப் பெற:* வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின் வழியே சேர்க்கப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 15அ பிரிவு, பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் மிரட்டலிலிருந்து காப்பதை அரசின் கடமையாக்குகிறது. விசாரணைக் காலத்துப் பயணச் செலவும் பராமரிப்புச் செலவும், மறுவாழ்வும், தேவைப்பட்டால் இடமாற்றமும் அதில் அடங்கும். பிணை மனு விசாரணையில் தம் கருத்தைச் சொல்லும் உரிமையும் பாதிக்கப்பட்டவருக்கு உண்டு. வன்கொடுமைகளுக்கு எதிரான தேசிய உதவி எண் 14566.

*சிகிச்சை பெற:* 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் மனநலச் சேவைகளைப் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. சாதியின் பெயரால் பாகுபாடு கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. சிகிச்சை விவரங்களை மறைவாக வைத்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்கிறது அதன் 115ஆம் பிரிவு.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநல மருத்துவத் துறை உள்ளது. டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணிலும், தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் எந்நேரமும் தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் காத்திருக்காமல் உடனே அழையுங்கள். அருகில் இருப்பவர் அத்தகையவரைத் தனியே விடாதீர்கள்.

மருத்துவரிடம் செல்லும்போது தைராய்டுச் சுரப்பியின் மிகைச் செயல்பாடும் இரத்தசோகையும் பதற்றம் போன்ற அறிகுறிகளைத் தரக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். பதற்றக் கோளாறுக்கு எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றும் பேச்சுவழிச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. மருந்து தரப்பட்டால் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இடையில் நாமே நிறுத்திவிடக் கூடாது. மருந்துக் கடையில் தாமாகவே உறக்க மாத்திரை வாங்கி உண்பது பழக்க அடிமைத்தனத்தில் முடியலாம். மதுவும் அப்படியே. இன்றிரவு தணிப்பதுபோல் தோன்றும். நாளைய பதற்றத்தைக் கூட்டும்.

*துணைநிற்க:* பாதிக்கப்பட்டவரிடம் "பயப்படாதே" என்று சொல்வதற்குப் பதில் "எதற்குப் பயப்படுகிறாய்?" என்று கேளுங்கள். வரும் பதில் உண்மையான ஆபத்தாக இருந்தால் அதைத் தேதியோடு எழுதி வையுங்கள். அது நாளை சான்றாகும். ஆபத்து விலகிய பின்னும் அச்சம் விலகவில்லை என்றால் மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். நெடுநாள் வழக்குகளில் சாட்சிகள் பின்வாங்கும்போது அவர்களைக் கோழைகள் என்று பழிப்பது எளிது. ஆண்டுக்கணக்கில் எச்சரிக்கை நிலையிலேயே வாழும் உடல் எவ்வளவு தாங்கும் என்று கேட்பதே நியாயம்.

இனி யாரேனும் நம்மிடம் "டென்ஷனா இருக்கு" என்று சொன்னால் மூன்று கேள்விகளையாவது கேட்போம். உன்மீது சுமையை ஏற்றியது யார்? உன்னை மிரட்டுவது யார்? சுமையும் மிரட்டலும் இல்லாத நேரத்திலாவது உன்னால் உறங்க முடிகிறதா? முதற்கேள்விக்கு விடை கிடைத்தால் சங்கத்தின் கதவைத் தட்டுவோம். இரண்டாவதற்குக் கிடைத்தால் காவல் நிலையத்தையும் நீதிமன்றத்தையும் நாடுவோம். மூன்றாவதற்கு "இல்லை" என்ற பதில் வந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். பலருக்கு இம்மூன்று கதவுகளையும் ஒரே நேரத்தில் தட்ட வேண்டியிருக்கும். அப்போது அவரைத் தனியே அனுப்பாதிருப்பது நம் கடமை.